தொண்ணூற்றொன்பது டிகிரி

பயம் வந்தால் எனக்கு முதலில் பசிக்கும். மற்றவர்களுக்கு நாக்கு வறளும், கை நடுங்கும். எனக்கு, முட்டையை வெங்காய மசாலாவில் புரட்டிய முட்டை மாஸ் வேண்டும். புதுக்கோட்டையில் எங்கள் அலுவலகத்துக்கு எதிர்ச் சாரியில் பரோட்டாக் கடை வைத்திருப்பவர், நான் படியிறங்கி வரும் வேகத்தைப் பார்த்தே, "இன்னைக்கு எந்த மிசினு சார் படுத்துருச்சு?" என்று கேட்டபடி வெங்காயம் நறுக்க ஆரம்பித்துவிடுவார். எங்கள் கம்பெனியில் எது எப்போது பழுதானது என்பதற்கு என் ரிப்போர்ட்டை விட அவருடைய வெங்காய மூட்டைதான் சரியான சாட்சி.

இந்த வருடம் மீன்பிடித் தடைக்காலம் முடிய ஐந்து நாள் இருந்தபோது, ஒரே வாரத்தில் இரண்டாவது முறையாக அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். குளிரூட்டும் அறைகளை வாடகைக்கு விடும் கம்பெனி எங்களுடையது. கீரமங்கலத்தில் பூவுக்கு ஓர் அறை, அரிமளத்தில் பாலுக்கு ஓர் அறை, ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட்டை ஒட்டி மீனுக்கு ஓர் அறை. மூன்று இடத்திலும் ஒவ்வொரு சின்ன சர்வர். அறை எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று அவை புதுக்கோட்டைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். புதுக்கோட்டையில் இருக்கும் பெரிய சர்வர் இந்த மூன்றையும் மேய்க்கும். எந்த அறை எத்தனை டிகிரியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் யாருக்குப் போன் அடிக்க வேண்டும், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யாருக்கு என்பதெல்லாம் எட்டு வருடமாக நான் அதற்குள் எழுதி வைத்த அமைப்புகள். அந்த மேய்ப்பனை நான் மேய்க்கிறேன். விசிட்டிங் கார்டில் இதற்குக் கௌரவமான வேறு பெயர் இருக்கிறது.

அந்தப் பெரிய சர்வரின் டிஸ்க் ஒரு மாதமாக வறுத்த கடலை மெல்லுவது போல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. எந்த நிமிடமும் நிற்கலாம். புது சர்வர் வந்து இறங்கிவிட்டது. அதில் மேய்க்கும் மென்பொருளின் புதுப் பதிப்பையும் போட்டாகிவிட்டது. ஆனால் அது பச்சைப்பிள்ளை. கீரமங்கலம் எங்கே இருக்கிறது என்றுகூட அதற்குத் தெரியாது. எட்டு வருட அமைப்புகளையும் பழையதிலிருந்து எடுத்துப் புதியதில் சேர்க்க வேண்டும். தடை முடிந்து போட்டுகள் கடலுக்குப் போவதற்குள் சேர்க்க வேண்டும்.

அந்தக் கெடுவை எனக்கு வைத்தவர் முதலாளி அல்ல, ஜெகதாப்பட்டினத்து அக்கா.

அக்கா மீன், இறால் வியாபாரி. எங்கள் அறையின் பெரும்பகுதி அவருடைய வாடகையில் இருக்கிறது. அந்தக் கரையில் வேறு குளிர் அறை அவருக்குக் கிடையாது. எட்டு வருடமாக என் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் என்னைக் "கம்ப்யூட்டரு" என்றே கூப்பிடுகிறார். சர்வரை மாற்றப்போகிறோம் என்று எப்படியோ காதில் விழுந்து போன் செய்தார்.

"ஏய் கம்ப்யூட்டரு, என்னமோ மாத்துறியாமே?"

"ஆமாக்கா. பழசுக்கு வயசாயிருச்சு."

"ஒனக்குந்தான் ஆயிருச்சு, ஒன்னய யாரும் மாத்தலையே. இங்க பாரு, தடை முடிஞ்சு கடலுக்குப் போயி அள்ளிட்டு வர்ற மொதப் பாட்டு ராலு பூராம் ஒரே எடத்துக்குத் தாரேன்னு வாக்குக் குடுத்துருக்கேன். லாரி வர்ற வரைக்கும் ரெண்டு நாளு ஒன் ரூமுலதான் கெடக்கணும். கெட்டுப்போச்சுன்னா அந்த யாவாரம் என்னோட போச்சு, இந்த வருசம் நான் கூடையக் கவுத்துட்டு ஒக்கார வேண்டியதுதான்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா."

"போன வருசம் மத்தியானம் கரண்டு போயி வந்துச்சு, மிசினு திரும்ப ஓடல. ஒருத்தனும் பாக்கல. ஒன் போனு கத்துனதாலதான ஓடியாந்தோம்? இந்தப் புதுசும் கத்துமா?"

நாக்கில் சனி இருப்பவன் நான். "கத்தலைன்னா நானே வந்து கதவுகிட்ட நின்னு கத்துறேன்க்கா" என்றேன்.

"ஒன் தொண்டைய நம்பி நான் ரால வைக்க முடியாது. மிசினக் கத்த வையி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்றுதான் முதல் முட்டை மாஸ்.

இரண்டாவது முட்டை மாஸ் பாஸ்வேர்டுகளுக்காக. மாற்றும் வேலைக்கு ஒரு கையேடு கொடுத்திருந்தார்கள். பழையதில் 'வெளியே எடு' என்ற பொத்தான், வரும் கோப்பைப் புதியதில் 'உள்ளே சேர்' என்ற பொத்தான், அவ்வளவுதான் என்று சிரித்த முகத்துடன் எழுதியிருந்தது. எடுத்தேன், சேர்த்தேன். எல்லாம் வந்தது. அந்தச் சின்ன சர்வர்களுக்குள் நுழையும் பாஸ்வேர்டுகள் மட்டும் வரவில்லை. பழையது அவற்றைத் தன் சாவியால் பூட்டி வைத்திருக்கிறதாம். சாவியைக் கோப்பில் வைத்து அனுப்பாதாம். யோசித்தால் நியாயம்தான். ஆனால் எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை, பசித்தது.

சாப்பிட்டுத் திரும்பியபோது எங்கள் அலுவலக மேலாளர் மேடம் ஒரு பழைய டைரியைத் திறந்து என் மேஜையில் வைத்திருந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர். என்னைச் சார் என்று கூப்பிட்டே கிழித்துத் தொங்கவிடும் கலை கைவரப்பெற்றவர்.

"எட்டு வருசமா நீங்க ஒவ்வொரு பாஸ்வேர்டு வைக்கும்போதும் எங்கிட்ட சத்தமாச் சொல்லிப் பெருமை அடிச்சுக்கிட்டீங்கள்ல சார், அப்பப்ப எழுதி வச்சேன்."

"மேடம், பாஸ்வேர்டை எழுதி வைக்கிறது ரொம்பத் தப்பு."

"அப்ப கிழிச்சுரவா?"

டைரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அன்று சாயங்காலத்துக்குள் ஒவ்வொன்றாகத் தட்டி முடித்தேன். திரையில் மூன்று ஊரும் பச்சை விளக்கு காட்டின. எழுந்து நின்று, மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலை மைக் போல் பிடித்து, வராத கூட்டத்துக்கு நன்றி சொன்னேன்.

மேடம் திரையைப் பார்த்தார். "பச்சையா இருக்கு, சரி. கத்துமா?"

இரண்டு பெண்கள் ஒரே கேள்வியைக் கேட்டால் அதற்குப் பதில் கண்டுபிடித்துவிடுவது ஆண்பிள்ளைக்கு நல்லது. பச்சை விளக்கு என்றால் சர்வர் பேசுகிறது என்று பொருள். ஆபத்தில் கத்தும் என்று பொருள் இல்லை. முடிவு செய்தேன். மூன்று அறையையும் உண்மையிலேயே சூடாக்கிப் பார்ப்பது. ஒவ்வொன்றும் கத்தி, போன் அடித்து, எதிரே ஒரு மனிதர் எடுத்து "அலோ" என்று சொல்லும் வரை விடுவதில்லை. அதுவரை பழைய சர்வரை அழிப்பதும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் போன் அடிக்காமலிருக்க, பழையதன் போன் வசதியை மட்டும் நிறுத்தி வைத்தேன்.

மறுநாள் கீரமங்கலம். வெப்பம் அளக்கும் சென்சார் ஒரு நீண்ட ஒயரின் முனையில் விரல் நீளத்துக்கு இருக்கும். அதைக் கழற்றி என் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நின்றேன். ஐந்தாவது நிமிடம் போன் அடித்தது. பூ வியாபாரி ஒருவர் எடுத்து, "மல்லி பூராம் வாடிருச்சா?" என்று அலறினார். சமாதானப்படுத்துவதற்குள் எனக்குத்தான் முகம் வாடிவிட்டது. மத்தியானம் அரிமளம். அங்கும் கத்தியது. தலை கொஞ்சம் கனத்தது. கர்வம்.

அதற்கு அடுத்த நாள் அறந்தாங்கியில் பஸ் மாறி ஜெகதாப்பட்டினம் போனேன். தடை முடிய மூன்று நாள்தான் இருந்தது. கரையில் போட்டுகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஐஸ் பிளான்ட் இரண்டு மாதத் தூக்கத்தில் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் அண்ணன் வாசலில் நின்றார். நாற்பத்தெட்டு வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட இந்த உலகத்தில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அறை அணைந்து கிடந்ததால் உள்ளே வெளி வெயிலுக்குச் சமமான புழுக்கம். சென்சாரைக் கழற்றினேன். உள்ளங்கைச் சூடெல்லாம் இங்கே போதாது. அண்ணன் கொதிக்கக் கொதிக்க ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து, சென்சாரை அதில் முக்கிப் பிடித்தார்.

லேப்டாப்பில் ஜெகதாப்பட்டினத்துக் கட்டத்தில் எண் ஏறியது. நாற்பது. ஐம்பது. அறுபத்தொன்று.

விளக்கு பச்சை.

பத்து நிமிடம் காத்திருந்தோம். டீ ஆறியதால் இன்னொரு டம்ளர் வந்தது. மறுபடி அறுபது. மறுபடி பச்சை. மைனஸ் பதினெட்டில் இருக்க வேண்டிய அறை அறுபதில் இருக்கிறது, என் புது சர்வர் ஒரு குறையும் இல்லை என்கிறது. யார் போனும் அடிக்கவில்லை.

"தம்பி, டீயக் குடிச்சிரவா?" என்றார் அண்ணன்.

என் வயிறு ஒரு முழுப் பரோட்டா செட்டுக்கு ஆர்டர் கொடுத்தது. முதலில் கையேட்டைத் திட்டினேன். பிறகு புதுப் பதிப்பை எழுதியவர்களை, அப்புறம் கடல்காற்றை. திட்டுவதற்கு ஆள் தீர்ந்தபின்தான் ஜெகதாப்பட்டினத்து அமைப்பைத் திறந்து பார்த்தேன். 'தாண்டக் கூடாத வெப்பம்' என்ற இடத்தில் தொண்ணூற்றொன்பது என்று இருந்தது.

பழைய சர்வருக்குள் நுழைந்து பார்த்தேன். அங்கேயும் தொண்ணூற்றொன்பது.

அந்த எண்ணைப் பார்த்ததும் அதைத் தட்டிய விரல் எது என்று தெரிந்துவிட்டது. என் வலது கை ஆள்காட்டி விரல்.

ஒவ்வொரு வருடமும் தடைக்காலம் தொடங்கும் அன்று அண்ணன் போன் செய்வார்: "தம்பி, ரூமை அமத்தப் போறேன், மிசினு வாயைக் கட்டிருங்க." கட்டாவிட்டால், அணைந்த அறை சூடாகிவிட்டது என்று இரண்டு மாதம் இடைவிடாமல் எல்லோருக்கும் போன் அடிக்கும். பழைய பதிப்பில் அலாரத்தை முறையாக நிறுத்தி வைத்தால் ஒரு மாதத்தில் தானே விழித்துக்கொள்ளும். தடையோ இரண்டு மாதம். அதனால் புத்திசாலியான நான் ஒரு குறுக்குவழி கண்டேன். கத்த வேண்டிய வெப்பம், அதற்குமுன் பொறுக்க வேண்டிய நிமிடம் இரண்டையுமே தொண்ணூற்றொன்பது ஆக்கிவிடுவது. அறை என்ன வெந்நீர் அண்டாவா, தொண்ணூற்றொன்பதைத் தொட? தடை முடியும் அன்று அண்ணன் மறுபடி போன் செய்து, "வாயைத் தெறந்து விடுங்க தம்பி" என்பார். பழைய எண்களைத் தட்டிவிடுவேன். எட்டு வருடமாக இதுதான் வழக்கம். தடைக்காலத்துக்குள் இருந்துகொண்டே எல்லா அமைப்புகளையும் இடம் மாற்றியதால், கட்டிய வாயோடு அது புது வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. புழுங்கிக் கிடந்த அறைக்கு அது டீ முக்காமலே கத்தியிருக்க வேண்டும் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. நான் செய்த தப்பை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் கொண்டுவந்த அந்தக் கையேட்டிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

"அவ்வளவுதானேண்ணே, ஒரு நிமிசம்" என்று சிரித்தேன். "பழைய நம்பரைச் சொல்லுங்க, தட்டிர்றேன்."

அண்ணன் சிரிக்கவில்லை. "நீங்கள்ல வச்சிருப்பீங்க?"

"நீங்கதான வருசா வருசம் சொல்லுவீங்க?"

"நான் செவுத்தப் பாத்துல்ல சொல்லுவேன்!"

இருவரும் மிசின் ரூமுக்குள் போனோம். மெயின் சுவிட்சுக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதியிருக்கும் என்றார். எத்தனை டிகிரி தாண்டினால், எத்தனை நிமிடம் பொறுத்துக் கத்த வேண்டும் என்று இரண்டு எண்கள். ஐந்தாறு தடவை அடித்து அடித்துத் திருத்தியவை. அந்தச் சுவர் இப்போது வெண்மையாக, மிக மிக வெண்மையாக இருந்தது. தடைக்காலத்தில் பிளான்டுக்கு வெள்ளையடிப்பது வருடாந்திர வழக்கம். மற்ற வருடங்களில் அந்த ஓரத்தை மட்டும் விட்டுவிட்டு அடிப்பார்களாம். இந்த வருடம் வந்தவர் நல்ல வேலைக்காரர். மூலை முடுக்கு விடாமல் அடித்திருக்கிறார்.

எட்டு வருடமாக எங்கள் கம்பெனியின் உண்மையான பேக்கப் அந்தப் பென்சில் எழுத்துதான் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் இதுவரை ஒரு நாள்கூடக் கோப்பை எடுத்துத் தனியே பத்திரப்படுத்தியதில்லை என்பதை இங்கே சின்ன எழுத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

"மைனஸ் பன்னெண்டா இருக்குமோ?" என்றேன்.

"பதினஞ்சு... இல்ல, அது மொத வருசம். பத்தோ?"

வெளியே ஓடிப்போய் மிக்சர் பொட்டலம் ஒன்று வாங்கி, நின்றபடியே பாதியைத் தின்றேன். அங்கேதான் அக்கா பிடித்தார்.

"என்ன கம்ப்யூட்டரு, நிக்கிற நெலையே சரியில்ல?"

பொய் சொல்ல நாலு வழி தெரியும் எனக்கு. நாலுமே மிக்சரோடு தொண்டையில் சிக்கிக்கொண்டன. நடந்ததை நடந்தபடி சொன்னேன். தொண்ணூற்றொன்பது, சுவர், சுண்ணாம்பு எல்லாவற்றையும்.

நன்றாகத் திட்டினார். என் படிப்பையும், அண்ணனின் பென்சிலையும், வெள்ளையடித்தவரின் நேர்மையையும் தனித்தனியாகத் திட்டினார். அவர் முடித்ததும், "சரி, ஏதோ ஒரு நம்பரப் போடுங்க தம்பி" என்றார் என் பின்னாலேயே வந்து நின்ற அண்ணன், மெதுவாக.

"ஏதோ ஒண்ணப் போட மாட்டேண்ணே" என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, அந்தக் குரல். "கொறச்சுப் போட்டா அக்கா பெட்டி ஏத்தக் கதவைத் தெறக்குறப்பல்லாம் கத்தும். நாலு தடவை சும்மா கத்துனா அஞ்சாவது தடவை நீங்க போனை எடுக்க மாட்டீங்க. கூட்டிப் போட்டா, கத்துறப்ப ராலு போயிருக்கும். சரியான நம்பரு கெடைக்காம நான் பஸ் ஏற மாட்டேன்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பழைய நம்பரு கெடைச்சாலும் எதுக்குடா ஆகும்? கதவுக்குப் புது ரப்பரு போட்டுருக்காகள்ல. முன்ன மாரியா குளிரு வெளிய ஓடும்?"

எட்டு வருடமாகச் சம்பளம் வாங்கும் அண்ணனுக்கும் எனக்கும் தோன்றாதது அது.

"ரூமைப் போடு. நாளைக்குக் காலையில நான் பெட்டியோட வாரேன். ஏத்திப் பாப்போம், எறக்கிப் பாப்போம். நீ கணக்காப் பாத்து எழுதிக்க" என்றார் அக்கா.

அண்ணன் அப்போதே அறையை ஓட விட்டார். மறுநாள் காலை திரை மைனஸ் பதினெட்டு காட்டியது. அக்கா தன் ஆட்கள் நாலு பேரோடும், ஐஸ் அள்ளிப் போட்ட பெட்டிகளோடும் வந்தார். மீன் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும் என்று உத்தரவு. கதவு திறந்தது. நான் போனில் நேரத்தைப் பார்த்தபடி லேப்டாப்பின் முன் குந்தியிருந்தேன். ஏற்றி முடிக்க ஒன்பது நிமிடம், எண் மைனஸ் பதினான்குக்கு ஏறியது. கதவை மூடியதும் இறங்கியது. இன்னொரு முறை, வேண்டுமென்றே நிதானமாக, நடுவில் ஊர்வம்பு பேசி ஏற்றச் சொன்னேன். இதை மட்டும் யாருக்கும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. பதினைந்து நிமிடம், மைனஸ் பன்னிரண்டு. மூன்றாம் முறையும் அதே.

மைனஸ் பதினொன்று, ஐந்து நிமிடம் என்று தட்டினேன்.

"இப்ப கெட்டத வச்சுப் பாரு" என்றார் அக்கா. தன் வீட்டு பிரிட்ஜில் உறைந்து கிடந்த ஒரு ராலுப் பொட்டலத்தைக் கொண்டுவந்திருந்தார். கதவுக்குப் பக்கத்துப் பெட்டியில், இருப்பதிலேயே சூடான இடத்தில், அதை வைத்தார். அண்ணன் மிசினை அணைத்தார். கதவை மூடினோம். போன வருடத்து மத்தியானம் மாதிரியே, யாரும் பார்க்காத அறை.

காத்திருந்தோம். மைனஸ் பதினாறு. பதினைந்து. அரை மணி ஆனது. ஒரு மணி ஆனது. எனக்குப் பசித்தது, ஆனால் எழுந்து போகவில்லை. மிச்ச மிக்சர் பையிலேயே கிடந்தது. பன்னிரண்டு. பதினொன்று. அதையும் தாண்டியது. ஐந்து நிமிடம் எண்ணினேன்.

அண்ணனின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் எடுக்கக் கூடாது என்று சைகை காட்டினேன். அடித்து ஓய்ந்ததும் அக்காவின் சுருக்குப்பைக்குள் அடித்தது. அவரும் எடுக்கவில்லை. அடுத்து என் போன். அதற்கும் அடுத்து புதுக்கோட்டையில் மேடத்துக்கு. அவர் உடனே எனக்கு அடித்தார்: "சார், கத்துது."

அக்கா கதவைத் திறந்து உள்ளே போனார். பொட்டலத்தை எடுத்து அழுத்திப் பார்த்தார். வெளியே வந்து என் நெற்றியில் அதால் ஒரு தட்டுத் தட்டினார். கருங்கல் மாதிரி இருந்தது. நெற்றி இரண்டு நாள் வீங்கியிருந்தது.

"கல்லாட்டம் இருக்குடா. இது போதும்."

அன்றே அந்த இரண்டு எண்களையும் புது சர்வரின் குறிப்பில் எழுதினேன். முழு அமைப்பையும் வெளியே எடுத்து இரண்டு இடத்தில் பத்திரப்படுத்தினேன். அடுத்த தடைக்காலத்துக்கு எண்ணைத் தொட வேண்டியதே இல்லை. புதுப் பதிப்பில் எந்தத் தேதி வரை வாயைக் கட்டுவது என்று சொல்லிவிட்டால் போதும், தானே திறந்துகொள்ளும். இதையெல்லாம் விளக்கியபோது அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போட்டுக்கு அடிக்கும் நீலப் பெயின்ட்டில் பிரஷைத் தோய்த்துச் சுவரில் அந்த எண்களை ஒரு முழ உயரத்துக்கு எழுதினார். நான் தடுக்கவில்லை.

தடை முடிந்தது. போட்டுகள் போயின, வந்தன. முதல் பாட்டு ராலு அறைக்குள் ஏறிவிட்டது என்று அண்ணன் சொன்னார். ஒரு நாள் ஒன்றும் கத்தவில்லை. கத்தாததே ஒரு பயம்தான். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாம் நாள் பதினோரு மணிக்கு என் போன் அடித்தது. ஜெகதாப்பட்டினம் அறை, மைனஸ் எட்டு.

நாற்காலி பின்னால் விழ எழுந்து அண்ணனுக்கு அடித்தேன். போனை எடுத்தது அக்கா. பின்னால் லாரியின் உறுமல்.

"ஏய் கம்ப்யூட்டரு! ராலு பூராம் லாரில ஏத்தியாச்சு, ரூமு தொடச்சு வச்ச மாரி காலியாக் கெடக்கு. கதவு தெறந்து கெடந்தா இதுக்கு என்னவாம்? இன்னும் கத்திக்கிட்டே கெடக்கு. வாயை மூடச் சொல்லு!"

"ராலு எப்படிக்கா இருந்துச்சு?"

"வாங்க வந்தவரு பெட்டியத் தட்டிப் பாத்துட்டு அடுத்த பாட்டுக்கும் இப்பவே சொல்லிட்டுப் போயிட்டாரு. நீ மொதல்ல இத நிப்பாட்டு, காது வலிக்குது."

"கொஞ்ச நேரம் கத்தட்டும்க்கா" என்றேன்.

போனை வைத்துவிட்டு நாற்காலியை நிமிர்த்தினேன். மேடம் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். நான் துள்ளி எழுந்ததை எதிர்ச் சாரியிலிருந்து பார்த்துவிட்டு, பரோட்டாக் கடைக்காரர் வெங்காயம் நறுக்கத் தொடங்கியிருந்தார். வேண்டாம் என்று சைகை செய்தேன். அவருக்குப் புரியவில்லை.